ஆவுடையப்பன் கொடுத்த சீடை

திருநெல்வேலிப் பக்கம் பெண் பார்க்கிற வழக்கம் ஒழிந்து ரொம்ப நாளாகிவிட்டது. இப்போதெல்லாம் பேரன் பார்ப்பதுதான். மாப்பிள்ளையும் பெண்ணும் ஆளுக்கொரு கிண்ணத்தில் எச்சில் துப்பிக் கொடுத்தால் போதும். இயந்திரம் இருவருடைய மரபணுக்களையும் படித்து, இங்கிருந்து பாதி அங்கிருந்து பாதி எடுத்துக் குலுக்கி, ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றை ஒளியாலேயே செய்து நடுக்கூடத்தில் நிறுத்திவிடும். அது நடக்கும், சிரிக்கும், கேட்டதற்குப் பதில் சொல்லும். தொடப்போனால் மட்டும் கை அந்தப் பக்கம் போய்விடும். இது நடக்கிற இடத்தின் பலகையில் 'மரபுத் தோற்றக் கூடம்' என்று எழுதியிருந்தாலும் ஊர் அதைப் பேரன் கொட்டகை என்றுதான் சொன்னது. பெண் பார்த்த காலத்திலிருந்து மிச்சம் நின்றது பஜ்ஜியும் கேசரியும்தான். அவற்றை ஒழிக்கிற விஞ்ஞானம் இன்னும் வரவில்லை.

கொட்டகை வந்த புதிதில் ஒரே கூத்தாக இருந்தது. இயந்திரம் குலுக்குகிற ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் பிள்ளை வரும். மாப்பிள்ளை வீட்டார் ஜவுளிக்கடையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துகொண்டு, "இதைவிட உசரமா ஒண்ணு காட்டுங்க, மூக்கு எடுப்பா ஒண்ணு காட்டுங்க" என்று பொழுது சாய்கிறவரை புரட்டினார்கள். வெறுத்துப்போன ஊர்ச் சங்கம் கூடி ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஒரு ஜோடிக்கு ஒரு முகம்தான். பிடித்திருந்தால் தாம்பூலம் மாற்றலாம். பிடிக்காவிட்டால் "மறுமுகம்" என்று ஒரு வார்த்தை சொல்லி எழுந்துவிடலாம். சம்பந்தம் அத்தோடு முறிந்தது.

வசதியான ஏற்பாடுதான். ஆனால் அதில் ஒரு கொடுமையும் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த ஒரு முகம்தான் நாளைக்கு நிஜமாகவே பிறக்கப்போகிறது என்று எல்லோரும் நம்ப ஆரம்பித்தார்கள். பட்டுக்கடை ஆவுடையப்பனின் தெருவிலேயே பகவதி என்று ஒரு பெண். அவளுக்குக் காட்டிய பிள்ளைக்கு லேசாக மாறுகண். மாப்பிள்ளை வீட்டில் மறுமுகம் சொல்லிவிட்டார்கள். அவள் மாப்பிள்ளைக்காக அழவில்லை. "அந்தப் பிள்ள என்னையப் பாத்து அம்மான்னு கூப்பிட்டுச்சே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கேட்டவர்களும் சேர்ந்து அழுதார்கள். அழுது என்ன, அவர்கள் வீட்டுக் கல்யாணம் வந்தபோது அவர்களும் கொட்டகைக்குத்தான் போனார்கள்.

இன்றைக்கு ஆவுடையப்பனின் முறை.

ஆவுடையப்பன் பட்டுப்புடவைக் கடை வைத்திருப்பவர். அவருடைய கடையில் ஒரு தனி வழக்கம் உண்டு. ஊழியர்கள் எந்தப் புடவையை விரித்தாலும் அதன் நிறத்தை உரக்கக் கூவ வேண்டும். "அரக்கு! மாம்பழம்! மயில்கழுத்து! பாசிப்பச்சை!" என்று கடை கோயில் திருவிழாவாக இருக்கும். அந்தக் கூவலைக் கேட்பதற்காகவே தென்காசி, அம்பாசமுத்திரத்திலிருந்தெல்லாம் கூட்டம் வந்தது. தொழிலில் எவ்வளவு அக்கறை பாருங்கள் என்று ஜனங்கள் மெச்சிக்கொண்டார்கள். உண்மை வேறு. ஆவுடையப்பனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறந்ததிலிருந்தே அப்படி. ஊழியர்கள் கூவாவிட்டால் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற முதலாளிக்கு விரித்துக் கிடப்பது அரக்கா பாசியா என்று தெரியாது. பட்டுக்கடை முதலாளிக்கு நிறம் தெரியாது என்று வெளியே கசிந்தால் ஊர் சிரிக்காதா? இந்த ரகசியத்தைத் தன்னைத் தவிர ஒரு உயிருக்கும் தெரியாமல் காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்பது அவருடைய எண்ணம்.

கிளம்புகிற நேரத்தில் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்த மகள் சொர்ணம் போன் செய்தாள். அவளுடைய மகன் தளவாய் கிளி வரைந்து முழுக்கப் பழுப்புக் கலர் அடித்திருந்தானாம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சிரித்ததில் பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறானாம். படத்தையும் அனுப்பியிருந்தாள். ஆவுடையப்பன் அதைப் பார்த்தார்.

"கிளி நல்லாத்தானே இருக்கு? சரி, வையி. எம் பேரனப் பாக்கக் கெளம்பிக்கிட்டு இருக்கோம், நேரமாச்சு."

மகள் வயிற்றுப் பிள்ளை அவர்கள் வீட்டுப் பிள்ளை. மகன் வயிற்றுப் பிள்ளைதான் வம்சம். ஆவுடையப்பன் அந்தக் கட்சி.

கொட்டகையில் பெண் வீட்டார் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் வீரபாகு, பாவூர்சத்திரத்தில் தக்காளிக் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். ஒவ்வொரு கூடையையும் முகர்ந்து பார்த்தே பழம் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். அதனால் சந்தையில் அவருக்கு மூக்குக்காரர் என்று பெயர். பெண் உலகம்மை எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிற டீச்சர். ஆவுடையப்பனின் மகன் குற்றாலநாதன் அவளைப் பார்த்த நாளிலிருந்து வேறு பேச்சே பேசுவதில்லை. இப்போதும் அவளைப் பார்த்துக்கொண்டே பஜ்ஜியைத் தவறவிட்டு வேட்டியில் எண்ணெய் ஆக்கிக்கொண்டான்.

கொட்டகையைப் பார்த்துக்கொள்கிற பெனடிக்டா விளக்குகளை அணைத்து இயந்திரத்தை முடுக்கினாள். கூடத்தின் நடுவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் குழம்பிக் கிடந்தது. பிறகு, அரைக்கால் சட்டையோடு ஒரு பையன் நின்றான்.

"ஆண் பிள்ள!" என்றார் ஆவுடையப்பன். தானே செய்ததைப் போல ஒரு கர்வம் அந்தக் குரலில் இருந்தது. "மூக்கப் பாருங்க சம்பந்தி. எங்க வீட்டு மூக்கு!"

"காது எங்க வீட்டுக் காதுல்லா அண்ணாச்சி" என்றார் வீரபாகு.

"காத யாரு பாக்கா? மூக்குதான் முன்னால வருது."

பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தது. கன்னத்தில் ஒரு குழி விழுந்தது. அது கோமதியம்மாள் கொடுத்த குழி. ஆவுடையப்பனின் மனைவியான அவர் அதைச் சொல்லிச் சண்டைக்குப் போகாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது புடவைச் சடங்கு. பிள்ளையின் முன்னால் இரண்டு புடவைகளை விரித்து, முகூர்த்தத்துக்குரிய அரக்கைத் தொட்டுக் காட்டச் சொல்வார்கள். பிள்ளை காட்டிய புடவையைத்தான் பெண் நிச்சயத்துக்குக் கட்டுவாள். ஆவுடையப்பன் கடையிலிருந்தே இரண்டு பட்டுகள் கொண்டுவந்திருந்தார். ஒன்று அரக்கு, ஒன்று பாசிப்பச்சை. தான் மாற்றி விரித்துவிடக்கூடாதே என்று அரக்கின் முந்தானைக் குஞ்சத்தில் யாருக்கும் தெரியாமல் சின்னதாக ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

"ஐயா, ராசா, இதுல அரக்கு எது? தாத்தாவுக்குக் காட்டு பாப்போம்."

பிள்ளை குனிந்து பார்த்தது. மறுபடியும் பார்த்தது. நிமிர்ந்தது.

"ரெண்டும் ஒரே கலர்தானே தாத்தா. இதுல மட்டும் முடிச்சுப் போட்டிருக்கு."

ஆவுடையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் அவர் போட்ட முடிச்சை ஒருவரும் கவனித்ததில்லை. நிறம் தெரிகிறவனுக்கு முடிச்சு எதற்குக் கண்ணில் படப்போகிறது? தன்னைப் போலவே ஒரு பிள்ளை! அள்ளிக் கொஞ்ச வேண்டும்போல ஒரு ஆசை எழுந்தது. அதே வேகத்தில் பயமும் எழுந்தது.

"பயப்படாதீங்க, நிறக்குருடுதான்" என்றாள் பெனடிக்டா. "பிள்ளையோட கண்ணையும் மரபணுப்படிதான் மிஷின் செஞ்சிருக்கு. சிவப்பு பச்சை பிரியாது. மத்தபடி பார்வை நல்லாயிருக்கும். வேணும்னா யாரு பக்கத்துல இருந்து வந்துச்சுன்னு இப்பவே பாத்துரலாம் சார். ஒரு பட்டன்தான்."

அவளுடைய விரல் பட்டனை நோக்கிப் போயிற்று. அடுத்த நொடி பின்சுவரில் தன் பெயர் எழுத்தெழுத்தாக எழும்பப்போகிறது என்று ஆவுடையப்பனுக்குத் தோன்றியது. அவருடைய வாய் அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"மறுமுகம்!"

ஆனால் அந்த வார்த்தை இரண்டு குரலில் கேட்டது. எதிர் நாற்காலியில் வீரபாகுவும் எழுந்து நின்று அதையே சொல்லியிருந்தார்.

கூடம் ஆடிப்போயிற்று. பெண் வீட்டார் மறுமுகம் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சொல்லும் என்பதைச் சங்கம் நினைத்தே பார்த்திருக்கவில்லை. பெனடிக்டா பட்டனிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். குற்றாலநாதன் அப்பாவைப் பார்த்த பார்வையில், இனி ஜென்மத்துக்கும் உங்களோடு பேசமாட்டேன் என்று இருந்தது. நடுக்கூடத்தில் பிள்ளை மட்டும் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டு நின்றது. அதைப் பார்க்க ஆவுடையப்பனுக்குத் தாங்கவில்லை. தெருக்கோடி பகவதியின் அழுகை காதில் கேட்டது.

உலகம்மை எழுந்தாள். வகுப்பில் பின்பெஞ்சு சத்தம் போட்டால் டீச்சர்கள் எப்படி எழுவார்களோ அப்படி எழுந்தாள்.

"சரி, சொல்லியாச்சு. போறதுக்கு முன்னால காரணத்தச் சொல்லிட்டுப் போங்க. மாமா, உங்களுக்கு என்ன காரணம்?"

"அது வந்தும்மா... ஜவுளிக்கடைக்கு வாரிசு. கலர் தெரியலன்னா எப்படி?"

"அப்பா, உங்களுக்கு?"

வீரபாகு மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு பக்கத்துல இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சிருமோன்னு பயம். வேற என்ன? அதுக்கு மிஷின் எதுக்கு? எட்டாங்கிளாஸ் பாடம் போதும்."

அவள் பலகாரத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஒவ்வொருத்தர் உடம்புலயும் இருபத்து மூணு ஜோடி குரோமோசோம் இருக்கு. ஜோடியில ஒண்ணு அப்பா குடுத்தது, ஒண்ணு அம்மா குடுத்தது. அதுல கடைசி ஜோடிதான் ஆணா பெண்ணான்னு முடிவு பண்ணும். பொம்பளைக்கு அது ரெண்டும் பெருசு. இந்தா, ரெண்டு முறுக்கு. ஆம்பளைக்கு ஒண்ணுதான் பெருசு, இன்னொண்ணு சின்னது. ஒரு முறுக்கு, ஒரு சீடை."

"கலருக்கும் முறுக்குக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார் ஆவுடையப்பன்.

"செவப்பு பச்சை பிரிச்சுப் பாக்குற மரபணு இந்த முறுக்குலதான் இருக்கு மாமா. சீடையில கிடையாது. இப்ப பாருங்க. இவங்க ஆம்பளையாப் பொறந்திருக்காங்கன்னா, நீங்க இவங்களுக்குக் குடுத்தது சீடைதான். முறுக்கு அத்தை குடுத்தது."

'இவங்க' என்று காட்டப்பட்ட குற்றாலநாதன் பதற்றத்தில் தன் தட்டிலிருந்த முறுக்கை எடுத்து வாயில் வைத்திருந்தான்.

"அதத் திங்காதீங்க! அது அத்தை குடுத்தது. அது இல்லன்னா நீங்க பொறக்கவே முடியாது."

அவன் மரியாதையாகத் திரும்ப வைத்தான். ஒரு ஓரம் போயிருந்தது.

ஆவுடையப்பன் அந்தச் சீடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, ஏழு தலமுறப் பரம்பரை. நான் எம் மகனுக்குக் குடுத்தது ஒரு சீடையா?"

"மத்த இருபத்திரண்டு ஜோடியிலயும் பாதி உங்களதுதான். உங்க மூக்கெல்லாம் அந்த வழியா வந்துரும். நான் சொல்றது இந்த ஒரு ஜோடிய மட்டும்." உலகம்மை தன் தட்டைக் காட்டினாள். அதில் ஒரு முறுக்கு நன்றாகக் கருகியிருந்தது. "இது நான். ஒரு முறுக்கு கருகல். ஆனா பக்கத்துல நல்லது ஒண்ணு இருந்து வேலையப் பாத்துக்கிடுது. அதனால எனக்குக் கலர் தெரியும். பாடத்துல ஒடுங்கு பண்புன்னு சொல்லுவோம். ஒடுங்கி உக்காந்திருக்கும், ஓடிப்போகாது. எனக்குப் பையன் பொறந்தா ரெண்டுல ஒண்ணுதான் அவனுக்குப் போகும். கருகுனது போச்சுன்னா, அந்தப் பக்கம் இருக்கது வெறும் சீடை. அதால மூடி மறைக்க முடியாது. இந்தப் பிள்ளைக்கு நடந்தது அதுதான். குறைன்னு சொல்லணும்னா எங்கிட்ட இருந்து வந்தது. உங்ககிட்ட இருந்து வர வழியே இல்ல."

வீரபாகு கைகூப்பிவிட்டார்.

"அண்ணாச்சி, அவ மேல தப்பில்ல. அந்தக் கருகல் நான் குடுத்தது. எனக்குத் தக்காளி காயா பழமான்னு கண்ணால பாத்துச் சொல்லத் தெரியாது. அதான் மோந்து பாக்கது. சந்தையில மூக்குக்காரர்னு பேரு எடுத்தது இப்படித்தான். நீங்க கண்டுபிடிச்சு அவமானப்படுத்துததுக்கு முந்தி நாமளே எந்திரிச்சிரலாம்னுதான் வாய் தவறிட்டேன். மன்னிச்சிருங்க."

ஆவுடையப்பனுக்கு அப்போதே வழி திறந்துவிட்டது. அவருடைய ரகசியம் பத்திரம். 'பரவாயில்ல சம்பந்தி, இதுல என்ன இருக்கு' என்று பெரிய மனுஷனாக ஒரு வார்த்தை சொன்னால் பெருமையும் சேரும், கல்யாணமும் நடக்கும். சொல்வதற்கு வாயைத் திறந்தும்விட்டார். ஆனால் நடுக்கூடத்தில் நின்ற பிள்ளை அந்த நேரம் பார்த்துக் குஞ்சத்து முடிச்சைத் தொட்டு விளையாடிக்கொண்டிருந்தது. ஒளி விரல் முடிச்சுக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தது.

"அப்போ," என்றார் ஆவுடையப்பன், "இவன் என்னைய மாதிரி இல்லையா?"

எல்லோரும் திரும்பினார்கள். சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. இனி மூடி மறைக்க ஒன்றுமில்லை.

"எனக்கும் தெரியாதும்மா. செவப்பும் பச்சையும் எனக்கும் ஒண்ணுதான். அந்த முடிச்சு நான் போட்டது. அவன் முடிச்சச் சொன்ன ஒடனே... எம் பிள்ளைன்னு நெனச்சுட்டேன். இத்தன வருஷத்துல மொத மொத எனக்குத் தொணைக்கு ஒரு ஆளு வந்துட்டான்னு நெனச்சுட்டேன். அவன் உங்க அப்பா மாதிரியா?"

கண் கலங்கிவிட்டது. வீரபாகு எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத இப்ப எதுக்குப் போட்டு ஒடைக்கிய?" என்றார் கோமதியம்மாள் நிதானமாக. "தெரியாத விஷயமா?"

ஆவுடையப்பன் தலையைத் திருப்பினார். "ஏளா, ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தலைதீபாவளிக்குப் பச்சை எடுத்துட்டு வாரேன்னுட்டுப் போயி செவப்ப எடுத்துட்டு வந்தியள்லா, அன்னைக்கே தெரியும். கடையில கலரக் கூவச் சொல்லுங்க, வியாபாரம் நல்லா நடக்கும்னு ஒங்க காதுல போட்டது யாரு?"

அது தன்னுடைய யோசனை என்றே இத்தனை காலமும் ஆவுடையப்பன் நினைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு மறுமுகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சொன்னால் ஒன்றை ஒன்று அடித்துவிடும் என்று பெனடிக்டா தானாகவே ஒரு தீர்ப்புச் சொன்னாள். எந்தக் கட்டுப்பாட்டிலும் அப்படி இல்லை. ஆனால் மறுத்துப் பேச ஆளில்லை. குற்றாலநாதன் தன்னுடைய முறுக்கின் மிச்சத்தையும் தின்று முடித்தான்.

"நேரம் முடியப்போகுது சார். பிள்ளையை அழிச்சிரலாமா?" என்றாள் பெனடிக்டா.

"அழிக்கதா!" என்றார் ஆவுடையப்பனும் வீரபாகுவும். இந்தத் தடவையும் ஒரே நேரத்தில்தான்.

உலகம்மை மாமனார் பக்கம் வந்து நின்றாள். இப்போது அவள் குரலில் டீச்சர் இல்லை. "மாமா, இதே பிள்ளதான் பொறக்கும்னு யாரு சொன்னா? ஒவ்வொரு தடவையும் புதுசாக் குலுக்குறதுதான். பெண் பிள்ள வரலாம், கலர் தெரிஞ்ச பையன் வரலாம். இவன் வந்தாலும் வரலாம், ஆனா அதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. யாரு வந்தாலும் நம்ம பிள்ளதானே."

பிள்ளை கையை ஆட்டியது. "தாத்தா, நான் வாரேன்."

இரண்டு தாத்தாக்களும் கையை ஆட்டினார்கள். வெளிச்சம் மெல்லக் குழம்பி, பிறகு கூடத்தில் இரண்டு புடவைகள் மட்டும் கிடந்தன. கொஞ்ச நேரம் யாருக்கும் கேசரி இறங்கவில்லை.

ஆவுடையப்பன்தான் முதலில் பேசினார். அவர் கண் இன்னும் அந்தத் தட்டுகளில்தான் இருந்தது.

"ஏம்மா, சீடை இவனுக்குப் போச்சு. சரி. எங்கிட்ட ஒரு முறுக்கு இருந்துச்சே. கருகுனது. அது எங்க போச்சு?"

"உங்களுக்குப் பொண்ணு இருந்தா, அவங்ககிட்டதான் இருக்கும் மாமா. வேற எடமே இல்ல. அவங்களுக்குக் கலர் தெரியும். ஆனா அவங்களுக்குப் பையன் பொறந்தா..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஆவுடையப்பன் எழுந்துவிட்டார். தட்டு சரிந்து சீடைகள் கூடமெங்கும் உருண்டன. அவர் நிற்கவில்லை. கொட்டகை வாசலுக்கு வந்து, கிளம்பும்போது பாதியில் வைத்துவிட்ட போனை எடுத்துச் சொர்ணத்தைக் கூப்பிட்டார். பேரன் பார்க்க இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதே இல்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. புரிந்தபோது வெட்கமாகவும் இருந்தது.

"சொர்ணம், பிள்ள சாப்பிட்டானா?"

"இன்னும் இல்லப்பா. ஏன், என்ன ஆச்சு?"

"அவங்கிட்டக் குடு."

போன் கைமாறியது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"ஏல தளவாய், தாத்தா பேசுதேன். அந்தக் கிளிக்கு என்ன கலர்ல அடிச்ச?"

இவரும் சிரிக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று பயந்திருப்பான்.

"பச்ச" என்றான் ரொம்பச் சின்னக் குரலில்.

"ஆமால," என்றார் ஆவுடையப்பன். "நானும் பாத்தேன். பச்சதான்."